ஃபேன் போடாத அறை

ஆலத்தியூரில் எங்கள் வாசல் வழியே சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகும். அந்தத் தூசிக்கு நடுவில் எங்கள் பிளைவுட் அலமாரிக் கதவுக்கு வார்னிஷ் அடிக்க ஒரு பெயிண்டர் வந்தார். புருவம் முழுக்க மரத்தூள். ஜன்னல்களைச் சாத்தி, ஃபேனையும் அணைத்துவிட்டு, தரையில் தண்ணீர் தெளித்து, உப்புத்தாளால் தேய்ப்பார். துணியால் துடைப்பார். பிறகு போன் டார்ச்சைப் பலகையோடு சாய்த்துப் பிடித்து, திருடனைக் கண்ட மாதிரி கத்துவார்: “அந்தா ஒரு பொட்டுத் தூசி, பாருங்க சார்!” எனக்கும் அந்த வெறி தொற்றிக்கொண்டது.

முதல் பூச்சு முடிந்ததும் வேர்வையில் நனைந்து நின்றார். பாவம் என்று ஃபேனைப் போட்டுவிட்டேன். இறக்கையில் இருந்த தூசியெல்லாம் ஈர வார்னிஷில் உதிர்ந்தது. பதறிப்போனேன்.

“காயட்டும் சார், திரும்ப தேய்ச்சுக்கலாம்,” என்றவர், ஸ்டூலில் ஏறி இறக்கைகளைத் துடைத்தார். “இதத் தொடைக்காம ஆரம்பிச்சது என் தப்புங்க.”

மறுநாள் மறுபடியும் தேய்த்தார், துடைத்தார், பூசினார். அதற்கு அடுத்த நாள் காய்ந்துவிட்டதா என்று பார்க்க வந்தார். டார்ச்சை வாங்கிச் சாய்த்து நானே தேடினேன். ஒரு பொட்டுகூட இல்லை! கத்தியே விட்டேன்.

சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, “இப்ப ஃபேனப் போடுங்க சார்,” என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த சுவிட்சையும் தட்டியதில்லை.