இரண்டு வருடமாக என் வண்டி

கோபம் வந்தால் எனக்கு முன்பின் யோசிக்கத் தெரியாது. அந்த மோட்டார் சைக்கிளை வாங்கியதும் ஒரு கோபத்தில்தான். கொட்டகலையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறுகிற பஸ் மூன்று நாளாக வரவில்லை. மழையில் நனைந்து, நடந்து, பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனால் அதிபர் என் முகத்தைப் பார்க்காமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார். பதினெட்டு வருடம் படிப்பித்தவனுக்கு இதுதான் மரியாதையா? அந்தச் சனிக்கிழமையே கொத்மலைப் பக்கம் போய் ஒரு வண்டியோடு திரும்பினேன்.

விற்றவனை எனக்கு முன்பின் தெரியாது. யாரோ தந்த தொலைபேசி இலக்கம்தான். வீட்டுக்குப் பின்னால், மாட்டுக் கொட்டகையில், தார்ப்பாய்ப் படங்கால் மூடி வைத்திருந்தான். படங்கை இழுத்ததும் தூசி எழும்பியது. வண்டி சிவப்பு. முன் மட்கார்ட் மட்டும் நீலம்.

"ரொம்ப நாளா ஓட்டலையா தம்பி?"

"கால் சொகமில்ல சார். வீட்டுலயும் வேணாங்கிறாங்க."

கால் நன்றாகத்தான் இருந்தது. கொட்டகைக்கும் வாசலுக்கும் நாலு தடவை நடந்தான், நான் பார்த்தேன். பார்த்தும் கேட்கவில்லை. விலை அப்படி. சாவியைத் தந்தவன், வண்டி ஒழுங்கையைத் தாண்டும் வரைக்கும்கூட நிற்காமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

பதிவுப் புத்தகம் அவனுடைய அக்கா வீட்டில் இருக்கிறதாம், அடுத்த கிழமை தருவானாம். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசி வண்டிகள் ஒழுங்கான பெயர் மாற்றல் இல்லாமல்தான் ஓடுகின்றன. சொந்தக்காரர் படிவத்தில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பார். வாங்குகிறவர் பெயரும் திகதியும் வெறுமையாக இருக்கும். வண்டி நாலைந்து கை மாறும், கடைசியில் யாருக்கு அவசரமோ அவர் தன் பெயரை எழுதிக்கொள்வார். நான் அந்தப் படிவத்தைக்கூடக் கேட்டு வாங்கவில்லை.

"ஆனைய வாங்கிட்டு அங்குசத்த விட்டுட்டு வந்திருக்கீங்க," என்றாள் மனைவி. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "இது என்னங்க, செவப்பு உடம்புக்கு நீல மூக்கு? யாரு கண்டாலும் மறக்க மாட்டாங்க."

அவள் சிரிப்புக்குத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன்.

அடுத்த கிழமை விற்றவனுடைய தொலைபேசி அடிக்கவே இல்லை.

வண்டி மட்டும் குறை சொல்ல முடியாதபடி ஓடியது. ஆனால் பாதையில் ஏதோ மாறியிருந்தது. மேற்கணக்கு, அதாவது தோட்டத்தின் மேல் பிரிவு, அதன் வழியாகத்தான் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும். பீலியில் தண்ணீர் பிடிக்கிற பெண்கள் நான் வரும்போது பேச்சை நிறுத்தினார்கள். முன்பு "என்ன சார், நடந்தா வாறீங்க?" என்று வம்புக்கு இழுத்தவர்கள். இரண்டாம் கிழமை, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகளும் வண்டியைத் தொட வரவில்லை. யாரோ அவர்களைத் தடுத்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

லயத்தைத் தாண்டியதும் ஒரு வளைவு. அங்கே தினமும் காலையில் ஒருத்தி கொழுந்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பாள். என்னிடம் படித்தவள்தான், இப்போது முப்பது வயதிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வளைவில்தான் அவளுடைய அம்மாவை ஒரு மோட்டார் சைக்கிள் அடித்துவிட்டு ஓடிப்போனது. பின்னேரம், நல்ல பனி, தாயும் மகளும் விறகோடு வந்திருக்கிறார்கள். மரண வீட்டுக்கு நானும் போனேன். என்ன மாதிரி வண்டி என்று நான் யாரிடமும் கேட்கவில்லை; ஓட்டினவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆறு மாதத்தில் ஊரும் பேசுவதை விட்டுவிட்டது.

அவள் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து வண்டியின் முன் சக்கரத்தைப் பார்த்தாள். ஒரு நாள் கை காட்டி நிறுத்தினாள். இலக்கத் தகட்டை வாய்க்குள் வாசித்தாள்.

"என்ன புள்ள?"

"ஒண்ணுமில்லங்க சார். போங்க."

நான் பெரிய புத்திசாலி, இதைக் கண்ணூறு என்று எடுத்துக்கொண்டேன். வாத்தியார் வண்டி வாங்கினதில் ஊருக்கே வயிற்றெரிச்சல் என்று வீட்டில் வந்து கத்தினேன். மனைவி எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து ஹேண்டிலில் கட்டிவிட்டாள். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்த அலங்காரத்தோடு நான் அவளைத் தாண்டிப் போயிருக்கிறேன், இன்னும் நாலு நாள்.

இதற்கிடையில் வண்டியின் காப்புறுதி முடியப் போனது. புத்தகம் இல்லாமல் புதுப்பிக்க முடியாது. நுவரெலியாவில் வாகனப் பதிவுக்கு அலைகிறவர்களைப் பிடித்துக் காரியம் முடித்துக் கொடுக்கிற தரகர் ஒருவர் இருந்தார். ஒரு தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் வழி சொன்னார்.

"புத்தகம் தொலைஞ்சிருச்சின்னு பொலிஸ்ல ஒரு என்ட்ரி போடுங்க. அத வச்சி வேற புத்தகம் எடுக்கலாம். மத்தத நான் பாத்துக்கிறேன்."

"எப்ப வாங்கினதுன்னு கேட்டா?"

"மூணு கெழமன்னு சொல்லிறாதீங்க சார். யாருகிட்ட, எங்கன்னு தோண்டுவாங்க. ரெண்டு வருசமா நம்ம கையிலதான் இருக்குன்னு அடிச்சிச் சொல்லுங்க. கவர்மென்ட் வாத்தியார யாரு சந்தேகப்படுவா?"

அந்தக் கடைசி வார்த்தை எனக்குப் பிடித்திருந்தது.

பொலிஸ் நிலையத்தில் வயதான சார்ஜன் ஒருவர் இருந்தார். சிங்களவர், ஆனால் தமிழ் பேசுவார். முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, என் பெயர், தொழில், வண்டி இலக்கம் என்று எழுதிக்கொண்டு வந்தார். இலக்கத்தின் கடைசி எண்ணில் பேனை நின்றது. இன்னொருமுறை சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து உள்ளே போனார். ஐந்து நிமிடம் கழித்து வந்தவர் எனக்குத் தேநீர் வரவழைத்தார். பொலிஸில் எனக்கு யாரும் தேநீர் தந்ததில்லை. வாத்தியார் என்பதற்காக என்று நினைத்துக் குடித்தேன்.

"மாஸ்டர், எவ்வளவு காலம் இந்த பைக் உங்ககிட்ட இருக்கு?"

"ரெண்டு வருசத்துக்கு மேல."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"என் வண்டி எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"வேற ஆள் ஓட்டுறது? தம்பி, கூட்டாளி?"

"நான் யாருக்கும் இரவல் குடுக்கிறதில்லைங்க. நான் மட்டுந்தான்."

இதை அவர் கேட்கவில்லை என்றாலும் நானே சொல்லியிருப்பேன். அவ்வளவு உற்சாகமாக இருந்தது பொய். அவர் ஒவ்வொரு சொல்லாக எழுதினார். தமிழில் வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அதன் பிறகுதான் அவர் வேறொரு கோப்பைத் திறந்தார்.

"மாஸ்டர் தோட்டத்துல ஒரு அம்மா செத்தது தெரியும்தானே. செவப்பு பைக், முன்னால நீல மட்கார்ட். மகள் அப்பவே சொல்லியிருக்கு. போன திங்கக்கிழமை வந்து நம்பரும் குடுத்திருக்கு."

நுணலும் தன் வாயால் கெடும் என்று எத்தனை வகுப்புக்குப் பொருள் சொல்லியிருக்கிறேன்! உண்மையைச் சொன்னேன். மூன்று கிழமை, கொத்மலை, மாட்டுக் கொட்டகை, படங்கு, எல்லாவற்றையும். சார்ஜன் பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப வாங்கின பேப்பர்?"

இல்லை. விற்றவனின் தொலைபேசிக்கு அவரே அடித்துப் பார்த்தார். அப்படி ஒரு இலக்கம் பாவனையில் இல்லை என்றது. அடுத்துத் தரகருக்கு அடித்துக் கேட்டார்; அவர், என்னைப் போல ஒருவரைக் கண்டதே இல்லை என்றார்.

வண்டியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். என்னை வாங்கில் உட்கார வைத்துவிட்டு, மேற்கணக்கிலிருந்து அவளை வரவழைத்தார்கள். இரண்டு மணித்தியாலம். அவள் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த வாங்கில் இருந்து சாமியைக் கும்பிட்டேன். எனக்கு அதற்கு முன் வண்டியே இருந்ததில்லை என்பது அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளுடைய அம்மாவின் மரண வீட்டுக்கு நான் மழையில் நடந்துதான் போனேன். தலை துவட்டத் துண்டு தந்ததே அவள்தான்.

வந்தாள். வேலை உடுப்போடுதான் வந்திருந்தாள். முற்றத்தில் வண்டியைப் பார்த்துவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள். சார்ஜன் கோப்பெடுக்க உள்ளே போயிருந்தார்.

"புள்ள, நான் இல்லன்னு ஒனக்குத் தெரியும்தானே," என்றேன்.

"தெரியுங்க சார்."

"அப்ப அத அவர்கிட்ட சொல்லிரு."

அவள், வகுப்பில் கேட்ட கேள்விக்கு விடை சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"ரெண்டு வருசமா நான் இங்க வந்து போறேங்க சார். ஆள் யாருன்னு தெரியல, ஆள் யாருன்னு தெரியலன்னுதான் சொல்லி அனுப்புனாங்க. இன்னைக்குத்தான் அந்தப் புத்தகத்துல ஒரு பேரு விழுந்திருக்கு. அதையும் நானே அழிச்சிட்டா, அம்மாவ யாருமே அடிக்கலன்னு ஆயிருமுங்க."

"அது என் பேருடி!"

"நீங்கதானே சார் குடுத்தீங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறை, வர வேண்டிய இடத்தில் வரவில்லை. பயம் மட்டும் இருந்தது. அவள் சொன்னதில் ஒரு பிழையைக் கண்டுபிடிக்க முடியாத பயம்.

சார்ஜன் கோப்போடு வந்தார். என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

"நல்லா பாத்து சொல்லு மகள். அன்னைக்கு ஓட்டினது இவரா?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த மூன்று கிழமையில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

"பனியா இருந்திச்சிங்க," என்றாள். "எனக்குத் தெரியாது."