மூன்று சுற்று

மூன்றாவது சுற்றையும் போட்டுவிட்டுத்தான் செல்வமேரி மேலே பார்ப்பாள். கயிற்றின் ஒரு முனை மேலே, வெட்டப்போகும் கிளையில் கட்டியிருக்கும். அங்கிருந்து கிளை பிரியும் ஒரு கவையில் ஏறி இறங்கி, அடிமரத்தைச் சுற்றிக்கொண்டு அவள் கைக்கு வரும். கிளை அறுபட்டதும் அதன் பாரம் முழுவதும் கயிற்றில் விழும். அடிமரத்துச் சுற்றுதான் அதைத் தாங்கும். அவள் கை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்துக் கிளையைத் தரையில் இறக்கும். மற்ற கோஷ்டிகளில் இரண்டு சுற்றுதான் வழக்கம். மூன்று போட்டால் கயிறு இறுகும், வேலை மெதுவாகும்.

"எங்க அண்ணி மரத்துக்குப் பொடவ கட்டறாங்கோ. கொசுவம் வெச்சிட்டு சொல்லுங்கண்ணி, அப்புறம் அறுக்கறேன்" என்று உச்சியிலிருந்து ஏசுபாதம் குரல் கொடுப்பான். அவள் கணவனின் தம்பி. அடுத்த வீட்டு மாடியில் துணி உலர்த்துகிறவர்கள்கூடச் சிரிப்பார்கள். செல்வமேரி சிரிக்கவும் மாட்டாள், ஒரு சுற்றைக் குறைக்கவும் மாட்டாள்.

புடவைக்கு மேல் கணவனின் பழைய காக்கிச் சட்டை. வளையல்களைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு ஊக்குக் குத்திவிடுவாள். நாற்பத்தாறு வயது, குட்டையான, அகலமான உடம்பு. சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு என்று தாம்பரத்துக்குக் கிழக்கே வயல்களெல்லாம் மனைகளாகிவிட்ட காலம். வீடு கட்டியவர்கள் முதல் வருஷம் மரம் நடுவார்கள். பத்தாவது வருஷம் ஏசுபாதத்துக்கு ஆள் அனுப்புவார்கள். கிளை மின்கம்பியில் உரசுகிறது, வேர் செப்டிக் டாங்கில் இறங்கிவிட்டது, எதிர்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார். வந்து நிற்பவர்களில் கயிறு பிடிக்கப் போவது இந்த அம்மாள்தான் என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் முகம் கொஞ்சம் மாறும். காரை வெளியே எடுத்து நிறுத்திவிட்டு வருவார். அதுவும் நல்லதுதான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

முருங்கை சொல்லாமல் ஒடியும். வேம்பு முனகிவிட்டுத்தான் விழும். தூங்குமூஞ்சி மரம் மழைக்காலத்தில் தண்ணீரைக் குடித்துவிட்டு இரண்டு மடங்கு கனக்கும். இதெல்லாம் அவள் உள்ளங்கைக்குத் தெரியும். அந்த உள்ளங்கைகளின் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு தழும்பு, இஸ்திரி போட்டது போலப் பளபளவென்று ஓடுகிறது. அந்த இடத்தில் சூடு உறைக்காது. கொதிக்கிற குண்டானைத் துணி இல்லாமல் இறக்குவாள்.

இன்னொன்றும் உண்டு. கடைசிக் கிளை தரைக்கு வரும்வரை யார் எதைக் கொடுத்தாலும் வாங்க மாட்டாள். டீ, மோர், தண்ணீர் எதுவும். இரக்கப்பட்டுத் தம்ளரை நீட்டும் வீட்டுக்கார அம்மாள்கள் மனம் நொந்துகொண்டு, படியில் வைத்துவிட்டுப் போவார்கள். அது அங்கேயே ஆடை கட்டும்.

வீடு இரும்புலியூரில், ரயில் பாதையை ஒட்டிய சந்தில். வாசலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் ஓர் இரும்புக் கட்டில். அதில்தான் சவுரிமுத்து ஏழு வருஷமாகப் படுத்திருக்கிறான். ஒரு காலத்தில் பெருங்களத்தூரிலிருந்து மேடவாக்கம் வரை அவனைக் கேட்காமல் எந்தப் பெரிய மரத்திலும் கத்தி பட்டதில்லை. இப்போது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த நேரத்துக்கு வந்தால், மரம் வெட்டுகிறவர்கள் நாலைந்து பேர் அந்தக் கட்டிலைச் சுற்றிக் குந்தியிருப்பதைப் பார்க்கலாம். புதிதாக எது வாங்கினாலும் அவனிடம் காட்டிவிட்டுத்தான் வேலைக்கு எடுத்துப் போவார்கள். அவன் ரம்பத்தின் பல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பான். அரிவாளை நகத்தால் சுண்டி, காதருகே வைத்துக் கேட்பான்.

ஜெபராஜ் என்பவன் பெட்ரோலில் ஓடும் ரம்பம் ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டினான். "நல்லாத்தான் அறுக்கும். ஆனா அது போடற சத்தத்துல, கீழ கீறவன் கத்தறது மேல கீறவனுக்குக் கேக்காது. அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டு பேரு?" என்றான் சவுரிமுத்து. அலுமினிய ஏணியைப் பற்றிக் கேட்டவனுக்கு, கரண்டுக் கம்பி எங்கே இருக்கிறதென்று அது தேடிக்கொண்டு போகும் என்று பதில். மூங்கில் ஏணிக்கு மட்டும் அவனிடம் மறுப்பே கிடையாது.

கயிறு விஷயத்தில் அவன் விவாதிப்பதே இல்லை. யாராவது நைலான் என்று வாயெடுத்தால், தன் போர்வையைக் காட்டுவான். "நைலானா? என்னப் பாரு." அவ்வளவுதான். தேங்காய் நார்க் கயிறுதான் கயிறு, கையைக் கடித்துக்கொண்டு நிற்கும், நைலான் வழுக்கிவிடும் என்பது அந்த வட்டாரத்தில் மரம் ஏறுகிற எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயமாகிவிட்டது. ஒருவனும் நைலான் வாங்குவதில்லை.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் உள்ளே செல்வமேரி ஸ்டவ்வுக்கு நாலு தரம் கூடுதலாகப் பம்ப் அடிப்பாள். அந்த இரைச்சலில் வெளியே பேசுவது கேட்காது.

அவன் விழுந்த அன்றைக்கு நைலான் கயிறு வழுக்கவில்லை. அவள் ஒரே ஒரு சுற்றுதான் போட்டிருந்தாள்.

எண்பத்தெட்டு, சித்திரை மாதம், சேலையூரில் ஒரு வேப்பமரம். வெயிலில் நிற்கிறாளே என்று அந்த வீட்டு அம்மாள் டீ கொண்டுவந்து நீட்டினாள். இடது கையில் கயிறு, வலது கையில் தம்ளர். குடித்துவிட்டு இன்னொரு சுற்றுப் போடலாம் என்றுதான் இருந்தாள். மேலேயிருந்து "விடட்டா?" என்று கேட்டது. பழக்கத்தில் வாய் "விடு" என்றுவிட்டது. கிளை அறுபட்டதும் கயிறு ஓடியது. இரண்டு கையாலும் பிடித்தாள். தோல் உரிந்து கயிற்றோடு போனது. விட்டுவிட்டாள். கயிறு கவையில் சிக்கி, பாதி வழியில் தொங்கிய கிளை ஊஞ்சல் போலச் சுழன்று வந்து, சவுரிமுத்து நின்றிருந்த கிளையை அடித்தது. அவன் காம்பவுண்டுச் சுவரின் மேல் முதுகடியாக விழுந்தான்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் விழித்தான். ஏசுபாதம் குனிந்து எப்படி ஆச்சு என்று கேட்டான். இரண்டு கையிலும் கட்டோடு அவள் கால்மாட்டில் நின்றிருந்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள். அதற்குள் அவன் சொன்னான்: "நைலான் கயிறு. வழுக்கிடுச்சு."

அவன் தெரிந்து சொன்னானா, தெரியாமல் சொன்னானா என்று அவளுக்குத் தெரியாது. ஏழு வருஷம் ஒரே கூரைக்குள் இருந்தும் அவள் கேட்கவில்லை.

கேட்க வேண்டிய நிலைமை இந்த ஐப்பசி மழையில் வந்தது. சிட்லபாக்கத்தில் ஒரு சின்ன வேப்பங்கிளையை இறக்கும்போது நார்க் கயிறு பட்டென்று அறுந்து, கீழே நின்ற சைக்கிளை நசுக்கியது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத கயிறு. அறுந்த முனையை அவள் பிரித்துப் பார்த்தாள். ஈரத்தில் உள்நார் கறுத்து, பொடியாக உதிர்ந்தது. ஏசுபாதம் மேலே ஏறும்போது தன் இடுப்பில் கட்டிக்கொள்வதும் இதே கயிறுதான். மழை முடிகிற வரைக்குமாவது நைலான் வாங்கு என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். அவன் கிண்டலை எல்லாம் விட்டுவிட்டு அவளை விசித்திரமாகப் பார்த்தான். "அண்ணன் ஒடம்பே சாட்சியா கீது. நீங்க போயி நைலான் வாங்கச் சொல்றீங்களே அண்ணி?"

அடுத்த வேலை ராஜகீழ்ப்பாக்கத்தில், லக்ஷ்மிநாராயணன் என்ற ரிட்டையர்டு ஆபீசர் வீட்டில். காற்றில் சாய்ந்து மொட்டைமாடி மேல் படுத்துவிட்ட தூங்குமூஞ்சி மரம். திங்கட்கிழமை காலையில் வருவதாக ஏசுபாதம் ஒப்புக்கொண்டிருந்தான். அவள் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஒவ்வொரு கிளையும் ஓர் ஆள் கட்டிப்பிடிக்கிற பருமன். நனைந்த நார் அதைத் தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழையால் அன்று யாரும் வரவில்லை. படுக்கைப் புண் வராமல் இருக்க சவுரிமுத்துவைத் தினமும் ஒருக்களிக்கத் திருப்பி, முதுகைத் துடைத்துப் பவுடர் போடுவாள். அவன் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னிக்கு நான் ஒரு சுத்துதான் போட்டேன். ஒரு கையில டீ."

கூரைமேல் மழை விழுந்துகொண்டிருந்தது. கேட்டிருக்காது என்று மறுபடி சொல்லப் போனாள்.

"மேல கீறவன் கீழ பாக்காமயா விடட்டான்னு கேப்பான்?" என்றான் அவன். "பாத்தேன். நீ விடுன்ன. விட்டேன்."

அவள் கையிலிருந்த துணி நின்றது. அவனே, இத்தனை நாள் இல்லாமல் இப்போது எதற்கு இதைச் சொல்கிறாய் என்று கேட்டான். அறுந்த கயிற்றை, நசுங்கிய சைக்கிளை, நாளைக்கு ஏற வேண்டிய மரத்தை எல்லாம் சொன்னாள். நீ ஒரு வார்த்தை சொன்னால் ஏசு நைலான் வாங்குவான், இல்லாவிட்டால் நானே அவனிடம் நடந்ததைச் சொல்லிவிடுவேன் என்றாள்.

"சொல்லு. கயித்து மேல தப்பில்லன்னு ஆயிட்டா, அப்புறம் எவன் வந்து இந்தக் கட்டிலாண்ட குந்துவான்?" என்றான். பிறகு, "திருப்பு" என்றான். திருப்பிப் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தான்.

திங்கட்கிழமை மழை விட்டிருந்தது. ஏழரை மணிக்கு மொபெட்டில் ஏசுபாதம் வந்தான், தோளில் ஈர நார்க் கயிற்றுச் சுருள். பின்னால் சைக்கிளில் ஜெபராஜ், கேரியரில் ரம்பத்தோடு. செல்வமேரி காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடியே வெளியே வந்தாள். எப்படி ஆரம்பிப்பது என்று ராத்திரி முழுக்க யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் நிற்கவில்லை. "ஏசு, உங்கிட்ட ஒண்ணு" என்று தொடங்கினாள்.

"டேய், இங்க வா" என்றான் சவுரிமுத்து கட்டிலிலிருந்து. "அந்தக் கயித்தக் கீழ போடு. மார்க்கெட்டுக்குப் போயி நைலான் வாங்கிகினு, அப்புறம் மரத்தாண்ட போ."

"இன்னாண்ணா சொல்ற?"

"அன்னிக்குக் கயிறு நல்லாத்தான் நின்னுது. நாந்தான் கால பாக்காம வெச்சேன்."

மரம் ஏறுகிறவர்கள் எதை வேண்டுமானாலும் குற்றம் சொல்வார்கள்: கிளை உளுத்திருந்தது, எறும்பு கடித்தது, காற்று அடித்தது. கால் வைக்கிற இடத்தைப் பார்க்காமல் வைத்தேன் என்று எவனும் தன் வாயால் சொன்னதில்லை. சொன்னவனை யாரும் அடுத்த மரத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். ஏசுபாதம் அண்ணனைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். சின்ன வயதிலிருந்து அந்தக் கால்களுக்குப் பின்னாலேயே ஏறிப் பழகியவன்.

ஜெபராஜுக்குத்தான் வாய் சும்மா இருக்கவில்லை. "அப்போ ஏழு வருசமா எங்கள நார்ல தொங்கவுட்டுட்டு, நீ படுத்துகினு வேடிக்க பாத்தியாண்ணா?"

சவுரிமுத்து சிரித்தான். "வெக்கமா இருந்துச்சுடா. வேற இன்னா."

"இல்ல ஏசு, அது அப்டி இல்ல" என்று செல்வமேரி முன்னால் வந்தாள்.

"மே, நீ சும்மா இரு. கட தொறந்திருக்கும், அவங்க கெளம்பட்டும்." குரலை உயர்த்தாமல்தான் சொன்னான் சவுரிமுத்து. ஆனால் மேலேயிருந்து வேலை சொல்கிற பழைய குரல் அது. அவள் நின்றுவிட்டாள்.

ஏசுபாதம் நார்ச் சுருளைச் சுவரோரம் இறக்கிவைத்துவிட்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் ஜெபராஜோடு வெளியே போனான். சந்து முனையில் மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. "அண்ணீ, வரீங்களா?" என்று அங்கிருந்து கூப்பிட்டான்.

அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். போர்வையை ஒதுக்கி, சவுரிமுத்துவின் வலது காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஏழு வருஷமாக எதையும் உணராத அந்தப் பாதத்தை, குதிகாலிலிருந்து விரல்வரை, விரலிலிருந்து குதிகால்வரை அமுக்கத் தொடங்கினாள். வெளியே ஹாரன் இரண்டு முறை அடித்தது. அவள் அமுக்கிக்கொண்டே இருந்தாள்.