அறுபது தலைக்கட்டு ஊர்

பஹ்ரைனில் எனக்கு இன்னும் பழகாத ஒன்று, மீன் இருக்கிற இடத்தில் யார் வேண்டுமானாலும் வலை போடலாம் என்பது. வந்த புதிதில் வேறொரு படகு நிற்பதைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உடம்பு சரியில்லையா என்று படகோட்டி யூசுஃப் இந்தியில் கத்தினார். இன்று அவர்கள் முறை என்றேன். கடலுக்கு முறையா என்று அவர் சிரித்த சிரிப்பில் படகே ஆடியது.

ஊரைக் காட்டலாமென்று செல்போனில் வரைபடத்தைத் திறந்தேன். பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் இருக்கவேண்டிய இடம் வெறும் நீலம். மழையில் பாதை முழுகினால் பழவேற்காட்டுக்குத் தோணியில் போவோம். கோடையில் அதே இடத்தில் கிரிக்கெட் ஆடுவோம். எந்த மாதத்தில் படம் எடுத்தானோ! "நீ என்ன மீனா?" என்றார் யூசுஃப். "கெளுத்தி. தொட்டால் குத்தும்" என்றேன்.

எத்தனை பேர் என்று கேட்டார். அறுபது என்றேன். ஒரு கல்யாணப் பந்திக்கே போதாதே என்று பரிதாபப்பட்டார். நாங்கள் ஆளை எண்ணுவதில்லை, தலைக்கட்டை எண்ணுகிறோம். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. ஏரியில் வலை போடும் இடத்துக்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டுகளுக்குள் சீட்டுப் போட்டு, பாட்டை முறை வைத்துப் பிரிப்போம். நானோ கல்யாணமான கையோடு விமானம் ஏறிவிட்டேன். ஊரில் இல்லாதவனை எண்ணுவார்களா? எண்ணாவிட்டால் திரும்பிப் போனாலும் எனக்கென்று ஏரியில் ஓர் இடம் கிடையாது.

தலைக்கட்டு எண்ணும் ஊர்க்கூட்டம் முடிந்ததும் மனைவி ஸ்டெல்லா கூப்பிட்டாள்.

"இன்னாச்சுடி?"

"ஆளே இல்ல, தலைய எங்க எண்றதுன்னாரு தலைவரு. நான் எழுந்து, 'தலை பஹ்ரைன்ல கீது, கையி ரெண்டும் இங்க கீது. வலை இழுக்க எது வோணும்?'னு கேட்டேன்."

"கூட்டத்துலயா?"

"உன்னக் கட்டிக்கினு எனக்கும் வாய் நீண்டுபோச்சு. உன் நைனா துண்டால வாய மூடிக்கினு சிரிக்கிறாரு."

"முடிவச் சொல்லுடி!"

"எண்ணிட்டாங்கய்யா! நானே சீட்டு எடுத்தேன். நாளைக்கு நம்ம பாடு!"

நான் குதித்ததில் ஐஸ் பெட்டி கவிழ்ந்தது.

மறுநாள் அவள் தோணியிலிருந்து வீடியோவில் வந்தாள். என் அப்பா ஒரு முனை, அவள் மறுமுனை. வலை கனத்ததும், "இருய்யா, கை வோணும்" என்று போனை மல்லாத்தி வைத்துவிட்டாள். அவர்கள் கூச்சல் மட்டும் கேட்டது. கையில் பழவேற்காட்டு வானம், தலைக்கு மேல் பஹ்ரைன் வானம்; எதைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்றேன்.