அமாவாசையன்று போட்ட முகமூடி

திண்டிவனத்திலிருந்து தினமும் ரயிலேறி விழுப்புரம் வந்து, ஒரு தனியார் கல்லூரியின் கணினி அறையைத் திறப்பது பிரான்சிஸின் வேலை. கல்லூரியின் இணையம் முழுக்க அவன் மேசையடியில் இருக்கும் கறுப்புப் பெட்டி வழியாகத்தான் போகும். எந்தக் கணினி எந்தத் தளத்துக்குப் போனது என்பது அதில் பதிவாகிவிடும். மேல்மலையனூர் கோயிலுக்குப் பாதிக் கல்லூரி கிளம்பிவிடும் அமாவாசை நாட்களில், "சர்ச்சுக்காரனுக்கு இன்னாய்யா அமாவாசை?" என்று அவனையே இருத்திவிடுவார்கள்.

போன அமாவாசைக்குக் கடைசி வருட மாணவி இளவரசி மட்டும் வந்தாள். "அசைன்மென்ட் இருக்கு சார்." கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள்.

அந்த வாரமே தாளாளர் தாண்டவராயன் கூப்பிட்டனுப்பினார். விடுதித் தண்ணீரில் புழு நெளிகிறது என்று அமாவாசையன்று யாரோ கல்லூரியின் இணையப் பக்கத்திலேயே, பேர் போடாமல், பெற்றோர் பார்க்க எழுதிவிட்டார்கள்.

"எங்கேர்ந்துன்னு பாத்தா ஹாலந்துன்னு காட்டுது. ஹாலந்துக்காரனா வந்து நம்ம டேங்க் தண்ணியக் குடிச்சான்? உள்ள இருக்கறதுதான். ஜல்தியா புடி, டி.சி. குடுத்து அனுப்பிடலாம்."

பிரான்சிஸ் பெட்டியைத் துழாவினான். அமாவாசையன்று ஒரேயொரு கணினி இலவச பிராக்ஸி தளம் ஒன்றுக்குப் போயிருந்தது. அங்கிருந்து எங்கே போனது என்று பெட்டிக்குத் தெரியவில்லை. ஆர்வம் தாங்காமல் அவனும் அந்தத் தளத்தைத் திறந்தான். கேட்ட பக்கத்தை அது தன் பேரில் வாங்கிவந்து கொடுத்தது. 'நான் எந்த ஊர்?' என்று தேடினால், விழுப்புரத்தில் உட்கார்ந்திருக்கிறவனை ஹாலந்தின் ஆம்ஸ்டர்டாம் என்றது. சிரித்துவிட்டான். பிறகுதான் உறைத்தது: அந்த பிராக்ஸியை நடத்துகிறவன் யார்? தன் வழியாகப் போவதையெல்லாம் அவன் படித்துக்கொண்டிருந்தால்? வெளியே இருப்பவர்களுக்குத்தான் முகமூடி. உள்ளே, முகமூடி வாங்கப் போனதே பதிவாகியிருக்கிறது. அறை நிறைந்த நாளென்றால் யார் என்று சொல்ல முடியாது. யாரும் பார்க்காத நாளென்று இளவரசி பார்த்துப் பிடித்த நாளில், பார்ப்பதற்கு அவள் ஒருத்திதான் இருந்தாள்.

மறுநாள் தாண்டவராயன் நேராகவே கேட்டார். "அந்த மாரி சைட்டுக்கு நம்ம காலேஜ்லேர்ந்து எவனாச்சும் போனானா?"

"போனது நான்தாங்க சார்."

"நீயா! இன்னாத்துக்கு?"

"எப்டி ஓடுதுன்னு பாக்கத்தான்."

"அப்ப எழுதனதும் நீதானா?"

"அதே டேங்க் தண்ணியத்தான் நானும் குடிச்சிக்கினு இருக்கேன் சார்."

தாண்டவராயன் மேசையிலிருந்த தண்ணீர் டம்ளரைத் தள்ளிவைத்தார். "டேங்கக் கழுவச் சொல்றேன். இந்த மாசத்தோட நீ நின்னுக்க."

அறைக்குத் திரும்பியபோது வாசலில் இளவரசி நின்றிருந்தாள். முகம் வெளிறியிருந்தது. விஷயம் அதற்குள் அவள் காதுக்கு எட்டியிருந்தது.

"அடுத்த தபா கூட்டமா இருக்கறப்போ வாம்மா," என்றான் மெதுவாக. "பாஸ்வேர்டு கீஸ்வேர்டு எதையும் அந்த சைட்டுல அடிக்காத."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான்னு எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?"

இத்தனை வருடத்தில் அந்தப் பெட்டியைப் பற்றி யாரும் அவனிடம் எதுவும் கேட்டதில்லை. நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.