அண்ணனின் நெஞ்செரிச்சல் ஆபரேஷன்

என் அண்ணன் சங்கு குளிப்பவர். தலைகீழாக மூழ்கும்போது வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறி, போன மாதம் கடலுக்கடியிலேயே மூச்சுத் திணறிவிட்டது.

இன்று காலை அதற்கு ஆபரேஷன். வயிற்றில் சின்னச் சின்னத் துளை போட்டால் போதும், இரண்டு மணி நேரம் என்றார்கள். மூன்று மணி நேரம் தாண்டியது.

நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். “உள்ள வயிறும் ஈரலும் ரொம்ப ஒட்டியிருக்கு. வயித்தத் திறக்க வேண்டி வரலாம். கையெழுத்துப் போடுங்க.”

மதினி கேட்டார்: “திறந்தா, பொறவு கடலுக்குப் போவாவளா?”

“அத டாக்டர்தாம்மா சொல்லணும்.”

மதினி கையெழுத்துப் போட்டார்.

அரை மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். “திறக்கல. துளை வழியாவே முடிச்சாச்சு.”

“என்ன சாப்பிடக் குடுக்கலாம்?” என்று கேட்டார் மதினி.

இனி ஒரு மாதம் கஞ்சியும் சூப்பும்தானாம். மீன்குழம்பு மணக்காத வீடு எங்கள் மீனவர் பகுதியான திரேஸ்புரத்தில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள். அண்ணனை அங்கே குடிவைக்க வேண்டும்.