எடுக்காத இரத்தம்

தொண்ணூற்றொன்றில் இரத்ததானம் செய்ய நீர்வேலியிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போனேன். என் கையில் பட்டியைச் சுற்றிப் பார்த்த தாதி மிஸ்ஸி, “பிறஷர் கூடிக் கிடக்கு. எடுக்கேலாது,” என்றார்.

“வாழைக்குலை ரண்டை ஒண்டாத் தூக்கிறவன் நான். எனக்கு ஒரு நோய் வருத்தமும் இல்லை,” என்று எல்லோர் முன்னாலும் பாய்ந்தேன்.

அவர் கோபிக்கவில்லை. “அப்பா இருக்கிறாரோ, அண்ணை?”

“இல்லை. நாற்பத்தாறு வயசிலை கிணத்தடியிலை துலா மிதிக்கேக்கை நெஞ்சைப் பொத்திக்கொண்டு விழுந்தவர்.”

“அதுக்கு முதல் அவருக்கும் ஒரு வருத்தமும் இல்லைத்தானே?”

நான் எழும்பி நேரே டாக்குத்தரிடம் போனேன்.

அன்று விழுங்கத் தொடங்கிய பிறஷர்க் குளிசையை நான் ஒருநாளும் தவறவிடவில்லை. மோர்மிளகாயையும் கருவாட்டையும் அடியோடு விட்டேன்.

நான்கு வருடம் கழித்து, அப்பாவின் திவசத்தன்று காலையில், அந்த மிஸ்ஸிக்கு ஒரு கதலிக்குலை கொண்டுபோய்க் கொடுத்தேன். பிறகு வீட்டுக்கு வந்து, அப்பாவைவிட ஒரு வயது மூத்தவனாக நின்று அவருக்குப் படைத்தேன்.