உள்ளான்கள் கிட்டே வந்த மத்தியானம்

சில வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதம். பொன்னானிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். சாப்பாடு முடிந்ததும், "வா புள்ள, கடலப் பாத்துட்டுப் போலாம்" என்றார் என் வீட்டுக்காரர். வடகரப்பதியில் தென்னந்தோப்புக்குள்ளேயே கிடக்கிற எங்களுக்குக் கடல் என்றால் அதிசயம்தானே!

ஆறு கடலில் சேரும் இடம். தண்ணீர் வற்றி, நடவுக்கு உழுதுபோட்ட வயல் மாதிரி சேறு பளபளத்தது. தூரத்தில் கூட்டம் கூட்டமாக உள்ளான் குருவிகள். எங்கள் ஊர்க் குளத்துக்கும் ஐந்தாறு வரும். இங்கே கணக்கே இல்லை. வடக்கே திரும்பிப் போகிற காலமாம், சிலவற்றின் நெஞ்சு செங்கல் நிறத்தில் சிவந்திருந்தது. செருப்பைக் கரையில் விட்டுவிட்டு, கணுக்கால் நனையும் ஓர் ஓடையைத் தாண்டி மணல்மேட்டில் போய் உட்கார்ந்தோம்.

பறவைகள் சேற்றைக் குத்துவதும் இரண்டடி ஓடுவதுமாக எங்களை நோக்கி வந்துகொண்டே இருந்தன.

"அசையாத புள்ள. நம்மள நம்பி வருதுங்க. நம்மூட்டுக் கோழிகூட இத்தன கிட்ட வராது."

"கோழிக்கு உங்களத் தெரியுமுங்க, அதான்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் சலசலப்பு. ஓடை அகலமாகியிருந்தது. "எங்கியோ மடையத் தொறந்துட்டானுங்க போல. கடலுக்குத்தான போவுது, வடிஞ்சிரும்" என்றார். முறை வைத்துப் பாயும் வாய்க்கால் தண்ணீரையே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். போன தண்ணீர் திரும்பி வரும் என்று கண்டோமா? அப்போதுதான் என் செருப்பைப் பார்த்தேன். கடல் பக்கம் போகாமல், ஊர்ப் பக்கமாக மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பதறிப்போய் இறங்கினோம். நடு ஓடையில் இடுப்பளவு தண்ணீர். முழங்காலில் ஆபரேஷன் செய்த அவர் கால் சேற்றில் புதைந்துவிட்டது. சட்டையைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை.

"நீ போயிரு புள்ள."

"எங்கீங்க போறது, உங்கள உட்டுட்டு?" என்று கத்தினேன். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியது.

"சேட்டா, அனங்ஙல்லே! ஞான் வராம்!" அசைய வேண்டாம் என்று மலையாளத்தில் கூவிக்கொண்டே, மட்டி அள்ளிக்கொண்டிருந்த ஓர் அம்மா சின்ன வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். என் வீட்டுக்காரரை நெல் மூட்டை மாதிரி இழுத்துப் போட்டு, என்னையும் ஏற்றினார். "வெள்ளம் கேறுந்நது கண்டில்லே?" என்று, தண்ணீர் ஏறுவதைப் பார்க்காமல் இருந்ததற்குத் திட்டினார்.

"குருவி பாத்துட்டு இருந்தனுங்க" என்று இவர் ஈனசுரத்தில் சொல்ல, அந்த அம்மாவுக்குக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது.

வள்ளத்திலிருந்து திரும்பிப் பார்த்தேன். நாங்கள் உட்கார்ந்திருந்த மேடு ஒன்றுதான் மிச்சம். அதில் இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு அத்தனை உள்ளான்களும் நின்றிருந்தன. எங்களை நம்பி வரவில்லை. ஏறிவந்த தண்ணீர் துரத்தவே வந்திருக்கின்றன.

இன்றும் பங்குனியில் எங்கள் குளத்தில் உள்ளான் இறங்கினால், "உன்ற சொந்தக்காரங்க வந்துட்டாங்க" என்று கிண்டலடிக்கிறார். எனக்கு மட்டும் மனசு அந்த மேட்டுக்கே போய்விடும். ஒட்டாத ஒருவர் திடீரென்று என் வாசலில் வந்து நின்றால், 'என்ன வேண்டும்' என்று கேட்பதற்கு முன், இவருக்குப் பின்னால் எந்தத் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறதோ என்றுதான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.